ஒடுகத்தூர்ச் சந்தையும் ஒரு கண்ணாடித் தொட்டியும்

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகப் பேருந்தில் செல்வோருக்கு ஜவ்வாது மலை முதலில் வானத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கோடாகவே தோன்றும். ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர, அந்தக் கோடு பருத்து, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, பச்சையும் பழுப்புமாக நிறம் கொண்டு, இறுதியில் ஒடுகத்தூர்க் கடைவீதியின் கூரைகளுக்கு மேல் ஒரு மதிலைப் போல எழுந்து நிற்கும். ஆம்பூர்ப் பக்கமிருந்து வருவோர் மாதனூரில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து இவ்வூரை அடையலாம். வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த சிறு பேரூராட்சிதான் ஒடுகத்தூர். ஆயினும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளின் மக்களுக்கு இதுவே பட்டணம். சாமையும் புளியும் தேனும் பலாப்பழமும் மலையினின்று இறங்குவதும், உப்பும் துணியும் மருந்தும் மலைக்கு ஏறுவதும் இவ்வழியேதான்.

மலையில் பிறந்து ஒடுகத்தூர்ப் பக்கம் இறங்கிவரும் ஆற்றுக்கு உத்தர காவேரி என்று பெயர். காவேரி என்றதும் கரைபுரளும் வெள்ளத்தை எண்ணிக்கொண்டு வருவோர் ஏமாறுவர். ஆண்டின் பெரும்பகுதி இது மணல் ஆறே. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டுகளில் மட்டும் நீர் தெளிந்து ஓடிப் பாலாற்றில் சென்று சேரும். நான் சென்றது டிசம்பர் மாதம், பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. பாறைகளுக்கிடையே முழங்கால் அளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது.

என் தங்கையின் கணவர் அப்பகுதியில் ஆசிரியராகப் பணிபுரிகிறார். அவர்களுடைய மூத்த பையனுக்குப் பத்து வயது. அவனது பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பரிசளித்திருந்தார். வெளியூர்க் கடையொன்றில் தொட்டியோடு தொட்டியாக எட்டுத் தங்கமீன்களையும் அன்றைக்கே கொடுத்தனுப்பினார்களாம். மூன்றாம் நாள் நீர் பால் கலந்தாற்போல் மங்கியது. ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் கடைசி மீனும் போயிற்று. வீட்டுப் பெரியவர்கள் கண்ணேறு என்றார்கள். கடைக்காரரோ பையன் தீனியை அள்ளிப் போட்டுவிட்டான் என்றாராம். அன்றுமுதல் அவன் தொட்டியின் பக்கமே செல்வதில்லை என்றும், அதன்மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடிவைத்துவிட்டான் என்றும் என் தங்கை கடிதத்தைப் போல நீண்ட செய்தி ஒன்றில் எழுதியிருந்தாள். சில ஆண்டுகளாக வீட்டில் வண்ணமீன் வளர்த்து வருபவன் என்பதால் என்னை அழைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடியுமுன்பே சரக்கு வண்டிகளிலும் இருசக்கர வண்டிகளிலும் ஆடுகள் வந்து குவிகின்றன. மலையிலிருந்து கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வருவோரும் உண்டு. பையனையும் அழைத்துக்கொண்டு சென்றேன். ஆடு வாங்க வந்த பெரியவர் ஒருவரின் பின்னாலேயே நாங்கள் அரைமணி நேரம் சுற்றினோம். அவருக்கு அது சற்று வியப்பாகவே இருந்திருக்கும். அவர் முதலில் ஆட்டைத் தொடவே இல்லை. தள்ளி நின்று, அது நிற்பதையும் நடப்பதையும் பார்த்தார். கூட்டத்தினின்று ஒதுங்கித் தலையைத் தொங்கவிட்டு நின்ற ஆட்டை, விலை எவ்வளவு மலிவாகச் சொல்லப்பட்டபோதும் திரும்பியும் பாரார். பிறகுதான் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். கண்ணின் கீழிமையை இழுத்து நிறம் பார்த்தார். முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்தினார். இத்தனையும் செய்துவிட்டு, "ஊட்டுல தண்ணி, தழை எப்பிடியோ அப்பிடித்தான் ஆடு நிக்கும்" என்று சொல்லி ஒன்றும் வாங்காமலே நடந்தார். அடுத்த வாரம் வருவாராம்.

"மாமா, அவரு ஏன் வாங்கல?" என்று பையன் கேட்டான்.

"கொட்டகை இன்னும் தயாராகலையோ என்னவோ" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் நடந்தவன், சந்தையின் வாயிலருகே நின்று, "நான் பிஸ்கட்டுப் போட்டேன் மாமா. அதனாலதான் செத்துப் போச்சா?" என்றான். ஆறு வாரமாக அந்தக் கேள்வியைத்தான் போர்வைக்கு அடியில் மூடிவைத்திருந்தான் போலும்.

குழந்தைகளிடம் பொய்யான ஆறுதல் கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. பிஸ்கட்டு தீங்கானதுதான் என்று சொன்னேன். ஆனால் ஒரு துணுக்கு பிஸ்கட்டும் போடாமலிருந்தாலும் அந்த எட்டு மீன்களும் பிழைத்திருப்பது அரிது. ஏன் என்பதை வீடு சேரும்வரை அவனுக்கு விளக்கினேன். வாசகர்களுக்கும் அதைக் கூறிவிடுவது நலம். தமிழ்நாட்டில் எத்தனையோ இல்லங்களில் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் வாங்கிய தொட்டிகள் இரண்டாம் வாரத்தில் வெறுமையாகி மாடிப்படியின் அடியில் கிடப்பதற்கு இதுவே காரணம்.

மீன் தான் வாழும் நீரிலேயே கழிவையும் விடுகிறது. அதன் செவுள்களின் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஆற்றிலும் ஏரியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், வேறு சில நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடியவை. மூன்றாவது பெருந்தீங்கு செய்யாது, செடிகளுக்கு அது உரமும் ஆகும். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் எட்டு மீன்களை விட்டால், கழிவறையே இல்லாத வீட்டில் எட்டுப் பேரைக் குடியேற்றிக் கதவைப் பூட்டியதற்கு ஒப்பாகும். இன்னொன்றும் உண்டு. நீர் காரத்தன்மை மிக்கதாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால், அதே அளவு அம்மோனியா மேலும் கொடிய நஞ்சாகிறது. வட ஆர்க்காட்டுக் கிணற்று நீர் பெரும்பாலும் அத்தகையதே.

தங்கமீனும் தவறான தேர்வு. சீனத்தில் கெண்டை இனத்தினின்று பல நூற்றாண்டுகளாகப் பழக்கி வளர்க்கப்பட்ட மீன் அது. கடையில் விரல் நீளமே இருக்கும். நல்ல நீரில் ஒரு சாணுக்கும் மேலே வளரும். உண்பதும் கழிப்பதும் மிகுதி. குளிர்ந்த நீரையே விரும்பும். திரைப்படங்களில் காட்டப்படும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் தங்கமீனுக்குச் சிறைச்சாலை என்றே நான் கருதுகிறேன். அதை விற்பவர்களும் அறிவார்கள். ஆனால் சிவப்பு நிறம் விற்பனையாகிறது.

நீரும் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி ஒரு கண்ணாடிக்குள் வாழக்கூடும் என்பதை உலகம் அறிந்து இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆகவில்லை. 1850-இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் இதைச் சோதித்து எழுதினார். 1853-இல் அந்நகர விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்வைக்கு மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற சொல் பரவலாயிற்று. நம் சென்னையும் பின்தங்கவில்லை. அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் எண்ணத்தில் உதித்த மெரினா கடற்கரை மீனகம் 1909-இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது.

மறுநாள் காலை பையன் என்னை ஓடைக்கு அழைத்துச் சென்றான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. கையில் பழைய கொசுவலைத் துண்டும் இருந்தது. கடைமீன்தானே செத்தது, ஓடை மீனைப் பிடித்து விட்டால் சாகாதல்லவா என்பது அவன் கணக்கு. காசும் மிச்சம். பாறை மீது குந்தி அமர்ந்து இருவரும் நீரைப் பார்த்தோம். பக்கவாட்டில் கரிய கோடு ஓடும் சிறு கெண்டைகள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. அடியில் மணலோடு மணலாக அயிரை ஒன்று மீசையால் துழாவியது. கரையோரத்து நிழலில், தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே ஒரு சிறு மீன் அசையாது நின்றது. கொசுப் புழுக்களை விழுங்குவதில் அதற்கு நிகரில்லை. எந்தக் கடையிலும் வாங்க முடியாத காட்சி அது.

நம் நாட்டு நன்னீர் மீன்களின்மேல் அயலார் கொண்ட ஆர்வம் பழையது. தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற போதகர் தமிழகத்து மீன்களைச் சேகரித்து ஜெர்மனியில் பிளாக் என்ற அறிஞருக்கு அனுப்பினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான பிளாக்கின் மீன் நூல்களில் அவை இடம்பெற்றன. அதே தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ப் என்ற டேனிஷ் படைவீரர், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனை 1791-இல் தாம் பிடித்ததாக எழுதிவைத்தார். பனையேறிக் கெண்டை என்று நம் மக்கள் அழைப்பது அம்மீனைத்தான். மரமேறுவதை அறிஞர் பலர் நம்பவில்லை. ஆனால் செவுள் மூடிகளை ஊன்றி ஈரத் தரையில் நடந்து செல்வதும், காற்றை நேராகவே சுவாசிப்பதும் உண்மை. பையன் அதைக் கேட்டதும், அந்த மீனையே வாங்கலாம் என்றான். மூடியைத் தள்ளிவிட்டுக் கூடத்தில் நடந்து போகும் மீனை உன் அம்மா ஏற்பாளா என்று கேட்டேன்.

ஓடை மீன் கூடாது என்றதற்குக் காரணங்கள் கூறினேன். முதலாவது, மலையடியில் காப்புக்காடு எது, ஊர் நிலம் எது என்பதை நம்மால் எளிதில் பிரித்தறிய முடியாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி மீன் பிடிப்பதையும் நீரில் நஞ்சிடுவதையும் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே தடுக்கிறது. அடுத்தது, ஓடும் நீரில் பிராணவாயு நிறைந்த இடத்தில் வளர்ந்த மீனுக்குத் தேங்கிய தொட்டி மூச்சுமுட்டும் அறை. மேலும் அவற்றின் உடலில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். இவற்றினும் பெரிய காரணத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் சான்று உள்ளது. சென்னை மாகாணக் கவர்னராயிருந்த டெனிசனின் பெயரை ஒரு கெண்டைக்குச் சூட்டி 1865-இல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சிவப்புக் கோடும் கரிய கோடும் அமைந்த அதன் அழகைக் கண்டு 'மிஸ் கேரளா' என்று வணிகர்கள் பெயரிட்டார்கள். கேரளத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் உள்ள சில ஆறுகளைத் தவிர வேறெங்கும் அது இயற்கையில் இல்லை. வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆறுகளை வலைபோட்டு அரித்ததால் இன்று அது அழியும் நிலையிலுள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. கோடையில் குட்டை குட்டையாகச் சுருங்கிவிடும் உத்தர காவேரியின் ஓடையில் வலை வீசத் தொடங்கினால் எத்தனை ஆண்டு தாங்கும்?

அவன் கொசுவலையைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முழுமனத்தோடு அன்று, ஆயினும் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து போர்வையை எடுத்தோம். ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னதுதான் முறை. முதலில் தண்ணீரைப் பார்க்கவேண்டும், பிறகே மீன். இரண்டடித் தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கற்களுக்கும் மேல்விளிம்பு இடைவெளிக்கும் போக, 45 லிட்டர் நீர்தான் நிற்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எடை 60 கிலோவுக்கு மேல். எனவே தொலைக்காட்சி வைத்திருந்த ஆட்டங்காணும் மேசையை ஒதுக்கிவிட்டு, சுவரோரமாக இருந்த சிமெண்டுத் திண்ணையைத் தேர்ந்தோம். சன்னல் வெயில் படாத இடம். வேலூர்ப் பகுதியின் கோடை வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும்.

தங்கையின் வீட்டுக் கிணற்று நீரில் சோப்பு ஓரளவே நுரைக்கிறது. காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஒட்டுகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் என்பதற்கு இதைவிடச் சோதனை வேண்டுவதில்லை. மீன் வாழ அது தடையன்று. எந்த மீன் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் உள்ள நம் குடும்பங்கள் மட்டும் இன்னும் ஒருபடி எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டுப்போனதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. அத்தகைய இடங்களில் கிணற்று நீரைத் தொட்டிக்கு நம்பலாகாது. மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது மேல். நகராட்சிக் குழாய்நீர் என்றால், அதில் கலந்த குளோரின் நீங்க அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றவேண்டும்.

தொட்டியை நிரப்பினோம், காற்று மோட்டாரோடு இணைந்த பஞ்சு வடிகட்டியை வைத்தோம், மீன் மட்டும் இல்லை. என் வீட்டுப் பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சுத் துண்டு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுசென்றிருந்தேன். அதைப் புதிய பஞ்சின் அருகில் செருகினேன். நுண்ணுயிர்களுக்கு அது உறைமோர். தினம் ஒரு சிட்டிகை மீன்தீனியை வெறுந்தொட்டியில் போடுவது பையனின் பொறுப்பு. தீனி அழுகி அம்மோனியா உண்டாகி, அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். மீனில்லாத தொட்டிக்குத் தீனி போடும் பையனைப் பார்த்து அண்டை வீட்டார் சிரித்ததாகப் பின்னர் அறிந்தேன். நீரைச் சோதிக்கும் காகிதப் பட்டைகளை வேலூரில் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறன்றும் அவன் நிறத்தைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினான். மூன்றாம் வாரம் நைட்ரைட் உச்சத்துக்குப் போயிற்று. ஆறாம் வாரம் அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை.

இனி எந்த மீன்? சென்னையில் கொளத்தூர் என்றால் வண்ணமீன். அங்கிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் தமிழகமெங்கும் உள்ள கடைகளுக்கு மீன்கள் செல்கின்றன. கடைக்குள் நுழைந்தால் நிறங்களின் வெள்ளத்தில் பெரியவர்களே தடுமாறுவர். கண்ணைக் கவர்வது எதுவும் கேட்கலாம், ஆனால் அது எவ்வளவு வளரும், எங்கிருந்து வந்தது, யாரோடு வாழும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தபின்பே வாங்கலாம் என்று பையனோடு உடன்பாடு செய்துகொண்டேன்.

தென் அமெரிக்கக் காட்டாறுகளைச் சேர்ந்த நியான் டெட்ரா, மின்விளக்குப்போல் ஒளிரும். மென்மையான நீரில் பிறந்த அதற்கு ஒடுகத்தூர்க் கிணறு ஒத்துவராது. தேவதை மீன் குட்டியாக இருக்கும்போது சாதுவே. வளர்ந்து உயர்ந்தபின் ஓரடித் தொட்டி அதற்குப் போதாது, சிறு மீன்களையும் விழுங்கிவிடும். புலிக் கெண்டை பிற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். சயாம் நாட்டுச் சண்டை மீன் ஆண்கள் இரண்டை ஒரே நீரில் விடக்கூடாது என்பது பெயரிலேயே உள்ளது. தனியே ஒன்றை வைப்பதானால் அதைவிட எளிய மீன் இல்லை. இடமும் காசும் குறைந்த குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது அதையே. நிறம் ஊசியால் ஏற்றப்பட்ட கண்ணாடி மீன்களை மட்டும் எந்தக் குடும்பமும் வாங்காதிருத்தல் வேண்டும். உடல் ஒளி ஊடுருவும் அந்த அழகிய மீன் நம் நாட்டினதே. அதன் முதுகில் ஊசி ஏற்றிச் சாயம் பூசுவது வதை. சாயமும் சில மாதங்களில் மங்கிவிடும்.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை ஒரு கூட்டம். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுபவை. கடின நீர் இவற்றுக்கு உகந்தது. டிரினிடாட் தீவில் இயற்கை ஆய்வு செய்த கப்பி என்பவரின் பெயரே அந்த மீனுக்கு வழங்குகிறது. இவற்றில் ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் சில மாதங்களில் வைக்க இடமிராது. ஆணை அறிவது எளிது: வயிற்றின் பின்னுள்ள அடித்துடுப்பு விசிறியாக விரியாமல் குச்சிபோல் நீண்டிருக்கும்.

ஆயினும் புதிய தொட்டிக்கு முதற்குடியாக என் தேர்வு வரிக்குதிரை மீன்தான். நீலமும் பொன்னும் மாறி மாறிக் கோடிட்ட, ஒன்றரை அங்குல மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இதை விவரித்தார். இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இச்சிறு மீனில் இணை உண்டு என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறியது. வெப்பமும் தாங்கும், குளிரும் தாங்கும். கடின நீரிலும் வாழும். கூட்டமாகவே வாழும் இனம்; ஆறுக்குக் குறைந்தால் அஞ்சி ஒடுங்கும் அல்லது ஒன்றையொன்று விரட்டும்.

எத்தனை மீன் என்பதற்கு வளர்ப்போரிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: முழு வளர்ச்சியில் ஒரு சென்டிமீட்டர் மீனுக்கு ஒன்றரை லிட்டர் நீர். சிறு மீன்களுக்கே இது பொருந்தும். 45 லிட்டருக்கு 30 சென்டிமீட்டர். ஆறு வரிக்குதிரை மீன்களே 24 ஆகிவிடும். மீதிக்கு என்ன என்று யோசித்த பையன், சிவப்புப் பிளாட்டி ஆண்கள் இரண்டு வேண்டும் என்றான். ஏன் சிவப்பு என்று நான் கேட்கவில்லை. கணக்குப்படி அது சற்றே மிகுதி. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றும் வேலையை அவனே செய்வதானால் சம்மதம் என்றேன்.

கடையில் அவன் நடந்துகொண்டதைப் பார்க்கவேண்டும்! தொட்டியைத் தொடவே இல்லை. தள்ளி நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தைப் பெரியவரைப் போலவே பார்த்தான். ஒரு மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றதை வேண்டாம் என்றான். உடலில் உப்புத்தூள் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் இருந்த மீனைக் கண்டதும், அந்தத் தொட்டியிலிருந்து எதுவுமே வேண்டாம் என்றேன்; அந்நோய் நீரின் வழியே எல்லா மீனுக்கும் பரவும். வயிறு ஒட்டியவை, மேலே வந்து மூச்சு வாங்குபவை, ஒருபக்கம் சாய்ந்து நீந்துபவை எல்லாம் கழிந்தன. கடைசியில் கொஞ்சம் தீனி போடச் சொன்னோம். பாய்ந்து வந்து தின்றவற்றிலிருந்து ஆறு வரிக்குதிரை மீன்களை மட்டும் அன்று எடுத்தோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டால் நுண்ணுயிர்கள் ஈடுகொடுக்கமாட்டா. பிளாட்டிகள் மூன்று வாரம் கழித்து.

அங்கேயே கடை உதவியாளர், பாசியைத் தின்று தொட்டியைத் தூய்மையாக வைக்கும் என்று ஒரு கரிய மீனை நீட்டினார். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் அதை 'டேங்க் கிளீனர்' என்பார்கள். இரண்டங்குலத்தில் விற்கப்படும் அது ஓரடிக்கும் மேல் வளரும். இடம் போதாமல் போனதும் மக்கள் அதைக் கொண்டுபோய் ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. உடலெங்கும் கவசமாகையால் தின்பாரும் இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்ததும் இப்படி முடிந்ததுண்டு. கொசு ஒழிப்புக்கென 1928-இல் கொண்டுவரப்பட்ட கம்பூசியா, நம் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த திலேப்பியா, ஏழைகளின் உணவாகும் என்று போற்றப்பட்டு, ஏரிகளில் நம் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வண்ணமீன்களை விட்ட முதல் நாள், பையை மூடியபடியே கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பம் ஒத்துவந்தபின், சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, பிறகே வலையால் எடுத்து விட்டோம். பையிலிருந்த கடைநீரைத் தொட்டியில் கொட்டவில்லை. தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்துக்குள் தின்று தீர்க்குமளவு. ஞாயிறன்று தீனிக்கு விடுமுறை. அதனால் மீனுக்குத் தீங்கில்லை, நீருக்கு நன்மை உண்டு. மின்தடை நீண்டால் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றவேண்டும் என்று என் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளோ, "ஊட்டு வேலைக்கு நடுவுல இதுவுமா அண்ணா!" என்றாள், ஆனால் முதல் மின்தடை நாளில் இரவு பதினொரு மணிவரை அவள்தான் ஊற்றினாளாம்.

பிளாட்டிகளும் வந்து சேர்ந்து மாதம் ஒன்று கடந்துவிட்டது. எட்டும் நலம். சென்ற வாரம் பையன் தொலைபேசியில் ஒரு சிக்கலைக் கூறினான். அவன் தந்தைக்கு மாற்றல் வரக்கூடும் என்று பேச்சு. அப்படியானால் மீன்களை உத்தர காவேரியில் விட்டுவிடலாமா, வரிக்குதிரை மீன் நம் நாட்டு மீன்தானே என்று கேட்டான். கங்கை மீனுக்கு ஜவ்வாது மலை அயல்நாடுதான் என்றும், தொட்டியில் வளர்ந்த மீன் ஓடைக்கு நோயையும் கொண்டுசெல்லும் என்றும், கடையில் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது வளர்க்கத் தெரிந்த வேறொருவருக்குத் தரலாம் என்றும் கூறினேன். அடுத்த தெருவில் அவன் வகுப்பு மாணவன் ஒருவன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறானாம். அந்தப் பையனுக்குத் தண்ணீர் மாற்றத் தெரியுமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வரவழைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறான்.